பால் எப்போது இறங்கும்? – குழந்தையின் இரைப்பையை அளக்கும் அறிவியல்

"கக்கின பிள்ளை தக்கும்" என்பது நம் பாட்டிமார்கள் சொல்லும் பழமொழி. பால் குடித்த குழந்தை தோளில் சாய்ந்தபடி கொஞ்சம் பாலைக் கக்கினால் பதற வேண்டாம், கக்கும் பிள்ளை நன்றாகத்தான் வளரும் என்று இளந்தாயைத் தேற்றுவதற்காகச் சொல்லப்பட்டது அது. கக்கிய பாலைப் பார்த்தே பாட்டி இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுவார். பால் பாலாகவே வந்தால் குடித்து அதிக நேரம் ஆகவில்லை. தயிர்போல் திரிந்து வந்தால் சற்று நேரம் ஆகிவிட்டது. இரைப்பைக்குள் நடப்பதை வெளியிலிருந்தே கணிக்கும் அனுபவ அறிவு இது.

மருத்துவ உலகமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. ஆனால், விடையை நிமிடக் கணக்கில் எதிர்பார்க்கிறது. குடித்த பாலில் பாதி எத்தனை நிமிடத்தில் இரைப்பையை விட்டுக் குடலுக்குள் இறங்குகிறது? ஏறக்குறைய முழுவதும் இறங்க எத்தனை மணி நேரம் ஆகும்? தாய்ப்பாலுக்கும் பால்மாவுக்கும் வேறுபாடு உண்டா? பேசத் தெரியாத, ஓரிடத்தில் அசையாமல் இருக்கவும் தெரியாத குழந்தையிடம் இதை எப்படி அளந்தார்கள் என்பதையும், அந்த அளவுகள் ஏன் ஒவ்வொரு தாய்க்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

ஏன் அளக்க வேண்டும்?

அறுவைச் சிகிச்சைக்காக ஒருவருக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது உடலின் சில தற்காப்புச் செயல்களும் சேர்ந்து உறங்கிவிடுகின்றன. விழித்திருக்கும்போது உணவு தவறுதலாக மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் நமக்குப் புரையேறும். இருமி வெளியே தள்ளிவிடுவோம். மயக்கத்தில் அந்த இருமல் வருவதில்லை. அந்நேரத்தில் இரைப்பையில் இருப்பது மேலே எழும்பித் தொண்டைக்கு வந்தால் நேராக நுரையீரலுக்குள் புகுந்துவிடக்கூடும்.

இந்த ஆபத்தை உலகின் கவனத்திற்குக் கொண்டு வந்தவர் நியூயார்க் மகப்பேறு மருத்துவர் கர்டிஸ் மெண்டல்சன். 1932 முதல் 1945 வரை தம் மருத்துவமனையில் பதிவான 44,016 பேறுகளை ஆராய்ந்த அவர், அவற்றுள் 66 தாய்மார்களுக்கு இரைப்பையில் இருந்தது மூச்சுக்குழாய்க்குள் புகுந்ததாக 1946இல் எழுதினார். அதன் பிறகு, அறுவைச் சிகிச்சைக்கு முன் நள்ளிரவிலிருந்து எதுவும் உண்ணக்கூடாது என்னும் வழக்கம் பல நாடுகளில் வேரூன்றியது. பெரியவர்களுக்காகத் தோன்றிய அவ்வழக்கம் குழந்தைகள் மீதும் அப்படியே சுமத்தப்பட்டது.

ஆனால், குழந்தை பெரியவர்களின் சிறிய வடிவம் அன்று. கல்லீரலில் அது சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை குறைவு. நெடுநேரம் பால் இல்லாமல் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரையின் அளவு இறங்கலாம். உடலில் நீர் குறையலாம். நீர் குறைந்தால் ஊசி போட நரம்பு கிடைப்பதும் கடினமாகும். பசியால் குழந்தை அழுது அழுது களைத்துப் போவதையும் அதைப் பார்த்துத் தாய் கலங்குவதையும் சொல்ல வேண்டியதில்லை. சீக்கிரம் மயக்க மருந்து கொடுத்தாலும் ஆபத்து, தேவைக்கு மேல் பட்டினி போட்டாலும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே சரியான நேரம் எது என்பதை ஊகத்தால் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல வேண்டும்.

இரைப்பை என்னும் பை

மலாய் மொழியில் பெருட் என்ற ஒரே சொல் வெளியே தெரியும் வயிற்றையும் உள்ளே இருக்கும் உறுப்பையும் குறிக்கும். இடைநிலைப்பள்ளியில் அறிவியல் படித்தபோது எனக்கு இது கொஞ்சம் குழப்பமாகவே இருந்தது. தமிழில் வயிறு வேறு, இரைப்பை வேறு. இரையை வாங்கி வைக்கும் பை என்று சொல்லிலேயே விளக்கம் அடங்கியிருக்கிறது.

இந்தப் பையின் கீழ்வாயில் ஒரு வளையத் தசை உண்டு. அது இரைப்பையில் உள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் விடுகிறது. குடலும் சும்மா இருப்பதில்லை. கொழுப்பும் செறிவும் மிகுந்த உணவு வந்து சேர்ந்தால், 'மெதுவாக அனுப்பு' என்று நரம்புகள் வழியாகவும் சுரப்புநீர்கள் வழியாகவும் இரைப்பைக்குச் செய்தி அனுப்புகிறது. அதனால்தான் வெறும் தண்ணீர் விரைவில் இறங்குகிறது; பால் தாமதிக்கிறது; நாசி லெமாக் இன்னும் தாமதிக்கிறது.

பாலுக்குள்ளும் வேறுபாடு உண்டு. பாலில் உள்ள புரதங்களை இரு வகையாகப் பிரிக்கலாம். கேசின் எனப்படுவது இரைப்பை அமிலம் பட்டதும் திரிந்து கட்டியாகும். மற்றது, பால் திரிந்தபின் தெளிந்து நிற்கும் நீரில் கரைந்திருக்கும் வே புரதம். பசும்பாலின் புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கேசின். முதிர்ந்த தாய்ப்பாலில் அது 40 விழுக்காடு அளவுதான். குழந்தை பிறந்த முதல் நாள்களில் இன்னும் குறைவு. எனவே, தாய்ப்பால் இரைப்பையில் மெல்லிய, இளகிய திரியாகிறது; பசும்பால் கெட்டியான கட்டியாகிறது. பால்மாவின் தன்மை அதில் எந்தப் புரதம் எவ்வளவு சேர்க்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தது.

இரைப்பை இயங்குவதை நேரில் கண்டு நேரம் குறித்த முதல் மருத்துவர்களில் ஒருவர் அமெரிக்காவின் வில்லியம் போமாண்ட். 1822இல் அலெக்சிஸ் செயிண்ட் மார்ட்டின் என்னும் இளைஞரின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. காயம் ஆறியது; ஆனால், இரைப்பைக்குள் செல்லும் ஓட்டை மூடவில்லை. போமாண்ட் உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக இறக்கி, எது எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று குறித்து வைத்து 1833இல் நூலாக வெளியிட்டார். அத்தகைய சாளரம் எந்தக் குழந்தைக்கும் இல்லை, இருக்கவும் கூடாது. ஆகவே, அறிவியலாளர்கள் வேறு நான்கு வழிகளைத் தேடினார்கள்.

முதல் வழி: குழாயும் சாயமும்

ஒரு பானையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியவில்லை. எட்டிப் பார்க்கவும் முடியாது. மெல்லிய குழாய் ஒன்றை மட்டும் உள்ளே விடலாம் என்று வைத்துக்கொள்வோம். குழாய் வழியாக 10 மில்லிகிராம் சாயத்தை விட்டு, நன்றாகக் கலக்கி, சிறிதளவு வெளியே எடுத்துச் சோதிக்கிறோம். ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 0.1 மில்லிகிராம் சாயம் இருந்தால் பானையில் 100 மில்லிலிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். 0.2 மில்லிகிராம் இருந்தால் 50 மில்லிலிட்டர். நிறம் எவ்வளவு அடர்த்தியோ தண்ணீர் அவ்வளவு குறைவு. வீட்டில் சிரப் கலக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல.

இரைப்பையை அளப்பதற்கு ஏற்ற வகையில் இதனைச் செம்மைப்படுத்தி ஜே. டி. ஜார்ஜ் என்பவர் 1968இல் வெளியிட்டார். குடலோ இரைப்பையோ உறிஞ்சிக்கொள்ளாத சாயம் உணவிலேயே கலந்திருக்கும். குறிப்பிட்ட நேரங்களில் குழாய் வழியாகச் சிறிதளவு எடுத்து, மேலும் கொஞ்சம் சாயம் சேர்த்துக் கலக்கி, மீண்டும் சிறிதளவு எடுப்பார்கள். இரண்டு மாதிரிகளின் அடர்த்தியையும் ஒப்பிட்டால் இரைப்பையில் மொத்தம் எவ்வளவு திரவம் இருக்கிறது என்று தெரியும். உணவோடு சென்ற சாயத்தில் எவ்வளவு மிச்சம் என்பதைக் கொண்டு, அத்திரவத்தில் உணவு எவ்வளவு, இரைப்பையே சுரந்த நீர் எவ்வளவு என்றும் பிரித்துச் சொல்லலாம்.

அடையாளப் பொருள் கலக்கும் இவ்வகை முறையைப் பயன்படுத்திச் சுவீடனின் பெங்ட் காவெல் 1981இல் வெளியிட்ட அளவுகள் இன்றளவும் எடுத்துக்காட்டப்படுகின்றன. தாய்ப்பாலில் பாதி இறங்கச் சராசரியாக 48 நிமிடம். பால்மாவில் பாதி இறங்க 78 நிமிடம்.

இம்முறையின் குறை வெளிப்படை. குழந்தையின் மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ குழாய் விட வேண்டும். பால் திரிந்துவிட்டால் சாயம் சீராகக் கலப்பதில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு மட்டும் ஏற்கெனவே பால் புகட்டுவதற்காகக் குழாய் போடப்பட்டிருக்கும். அவர்களுக்கு அடுத்த வேளை பால் கொடுக்கும் முன் தாதியர் குழாய் வழியாக உறிஞ்சி, மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது நெடுங்கால வழக்கம். அந்த வழக்கமே இப்போது கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. மிகக் குறைமாதத்தில் பிறந்த 143 குழந்தைகளை இரு பிரிவாக்கி அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. வழக்கமாக உறிஞ்சிப் பார்க்கப்படாத குழந்தைகளே அதிகப் பால் பெற்றனர். அளப்பது என்பதே சில வேளைகளில் இடையூறாகிவிடும் என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டாம் வழி: கதிர் வீசும் பால்

1966இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கதிரியக்கக் குரோமியத்தை உணவில் கலந்து, இரைப்பை காலியாவதை வெளியிலிருந்து அளந்து காட்டினார்கள். குழாய் தேவைப்படவில்லை. பின்னர் அந்த இடத்தை டெக்னீசியம்-99எம் பிடித்துக்கொண்டது. அதன் கதிரியக்கம் 6 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால் உடலில் நீண்ட நாள் தங்காது.

மிகச் சிறிய அளவு டெக்னீசியத்தைப் பாலில் கலந்து குழந்தைக்குப் புகட்டுவார்கள். பிறகு காமா கேமராவின் கீழே படுக்க வைப்பார்கள். திரையில் இரைப்பை இருக்கும் இடம் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். நேரம் செல்லச் செல்ல அங்கே புள்ளிகள் குறைந்து குடல் பக்கம் கூடும். ஒரு மணி நேரம் கழித்து எத்தனை விழுக்காடு மிச்சம், இரண்டு மணி நேரம் கழித்து எத்தனை விழுக்காடு மிச்சம் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். பால் மேலே எதுக்களிக்கிறதா, நுரையீரலுக்குள் செல்கிறதா என்பதும் அதே படத்தில் தெரியவரும்.

1990இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வு இம்முறையில் பல வகைப் பால்களை ஒப்பிட்டது. இரண்டு மணி நேரத்தில் தாய்ப்பாலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இரைப்பையில் மிஞ்சியது. பசும்பாலோ பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. கேசின் மிகுந்த பால்மாவு இவ்விரண்டுக்கும் இடையில் நின்றது. மேலே சொன்ன திரியும் கட்டியும் இங்கே எண்களாக வெளிப்படுகின்றன.

இந்த முறை துல்லியமானது. ஆனால், கதிரியக்கம் கதிரியக்கம்தான். நோயுள்ள குழந்தைக்குக் காரணத்தோடு செய்யலாம். ஆராய்ச்சி ஆர்வத்திற்காக மட்டும் நலமாக இருக்கும் குழந்தைக்குச் செய்வதை அறநெறிக் குழுக்கள் எளிதில் ஏற்பதில்லை. நலமான குழந்தையின் இயல்பான அளவு தெரியாமல் நோயுற்ற குழந்தையின் அளவை எதனோடு ஒப்பிடுவது? இச்சிக்கலைத் தீர்க்க வேறு வழி தேவைப்பட்டது.

மூன்றாம் வழி: மூச்சில் தெரியும் விடை

இயற்கையில் உள்ள கார்பனில் ஏறக்குறைய 1.1 விழுக்காடு கார்பன்-13 என்னும் வகை. இதற்குக் கதிரியக்கம் கிடையாது. சாதாரண கார்பனைவிடச் சற்றுக் கனமானது, அவ்வளவுதான். நாம் அன்றாடம் உண்ணும் சோற்றிலும் அது இருக்கிறது.

ஆக்டனாயிக் அமிலம் என்பது பாலிலும் தேங்காய் எண்ணெயிலும் இயல்பாகவே உள்ள ஒரு கொழுப்பு அமிலம். கார்பன்-13 கூடுதலாக ஏற்றப்பட்ட ஆக்டனாயிக் அமிலத்தைப் பாலில் கலந்து கொடுத்தால், அது பெரும்பாலும் இரைப்பையில் உறிஞ்சப்படாமல் பாலோடு சேர்ந்து காத்திருக்கும். குடலுக்குள் இறங்கியதும் விரைவாக உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் எரிந்து, கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறும். ஆகவே, மூச்சில் கனமான கரியமில வாயு எப்போது கூடுகிறது என்று பார்த்தால் பால் எப்போது இறங்கியது என்று கணித்துவிடலாம். பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் 1993இல் இம்முறையைப் பெரியவர்களுக்காக வெளியிட்டார்கள். அமிலத்தை முட்டையின் மஞ்சள் கருவில் கலந்து சமைத்துக் கொடுத்தார்கள். குழந்தைகளுக்கு முட்டை வேண்டாம், பாலே போதும். குறிப்பிட்ட இடைவெளிகளில் முகமூடி வழியாகவோ மூக்கருகே வைத்த மெல்லிய குழாய் வழியாகவோ மூச்சைச் சேகரித்துக்கொள்வார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலும் செய்யலாம்.

1999இல் பெல்ஜியத்திலிருந்தே வந்த ஆய்வில் தாய்ப்பால் பாதி இறங்க எடுத்த நேரத்தின் இடைநிலை அளவு 47 நிமிடம். பால்மாவுக்கு 65 நிமிடம். காவெலின் சாய முறையோடு இது நன்றாகவே ஒத்துப்போகிறது. முற்றிலும் வேறான இரண்டு வழிகள் ஒரே விடையை நோக்கி வந்தால் அந்த விடையை நம்பலாம்.

இதற்கும் குறை உண்டு. இம்முறை இரைப்பையை நேரடியாகப் பார்ப்பதில்லை. இறங்குவது, உறிஞ்சப்படுவது, கல்லீரலில் எரிவது, மூச்சில் வருவது என்ற நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணியைத்தான் பார்க்கிறது. கல்லீரல் முதிராத குறைமாதக் குழந்தையிடமும், அழுது கைகால் உதைத்து அதிகக் கரியமில வாயு விடும் குழந்தையிடமும் கணக்குப் பிசகலாம்.

நான்காம் வழி: ஒலி தரும் படம்

இன்று மருத்துவமனைகளில் அதிகம் வரவேற்கப்படுவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கருவில் இருந்தபோது பார்த்த அதே கருவிதான் பிறந்த பின்பும் உதவுகிறது. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, தாயின் மடியிலேயே வைத்துப் பார்க்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம். இத்தாலியின் பொலோனா நகர ஆய்வாளர்கள் 1985இல் இதனைக் கொண்டு இரைப்பை காலியாகும் நேரத்தை அளந்து காட்டினார்கள்.

இரைப்பை முழுவதையும் ஒரே படத்தில் பிடிப்பது கடினம். எனவே, அது குடலோடு சேரும் கீழ்ப்பகுதியின் குறுக்குவெட்டை மட்டும் பார்க்கிறார்கள். அது முட்டை வடிவில் தெரியும். அதன் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி 0.785ஆல் பெருக்கினால் பரப்பளவு கிடைக்கும். நீளம் 2 சென்டிமீட்டர், அகலம் 1.5 சென்டிமீட்டர் என்றால் பரப்பளவு ஏறத்தாழ 2.4 சதுர சென்டிமீட்டர். பால் இறங்க இறங்க இப்பரப்பளவு சுருங்கும். குழந்தையை வலப்பக்கமாகப் படுக்க வைத்து அளப்பார்கள். இரைப்பையில் உள்ளது அப்போது கீழ்ப்பகுதிக்கு வந்து சேரும்.

பிரிட்டனில் குறைமாதக் குழந்தைகளிடம் செய்து 1994இல் வெளியான ஓர் ஆய்வு மிகவும் நேர்த்தியானது. ஒரே குழந்தைக்கு ஒரு வேளை தன் தாயின் பாலையும் மறு வேளை பால்மாவையும் கொடுத்து ஸ்கேன் செய்தார்கள். தாய்ப்பால் பாதி இறங்கச் சராசரியாக 36 நிமிடம், பால்மாவுக்கு 72 நிமிடம். ஒரே குழந்தை என்பதால், 'இந்தக் குழந்தையின் இரைப்பை வேறு, அந்தக் குழந்தையின் இரைப்பை வேறு' என்று யாரும் மறுக்க முடியாது. வேறுபாடு பாலில்தான் இருக்கிறது.

நேரடியாகத் தாயிடம் பால் குடிக்கும் குழந்தை எவ்வளவு குடித்தது என்பது இன்னொரு புதிர். புட்டியில் கோடுகள் உண்டு. தாயிடம் ஏது கோடு? குடிப்பதற்கு முன்னும் பின்னும் அதே உடையோடு குழந்தையை நிறுப்பதே வழி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 71 குழந்தைகளை இவ்வாறு நிறுத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முறை குடிக்கும் பாலின் சராசரி 76 கிராம். ஆனால், ஒன்றுமே குடிக்காமல் சும்மா சப்பிய நேரமும் உண்டு. 240 கிராம் வரை குடித்த நேரமும் உண்டு.

ஸ்கேனுக்கு எதிரி காற்று. பாலோடு விழுங்கிய காற்று ஒலியைத் தடுத்துவிடும். ஏப்பம் விடவைக்காத குழந்தையின் படம் தெளிவாக வராது. அளப்பவரின் கைப்பழக்கமும் முக்கியம். ஒருவர் அளந்ததும் மற்றொருவர் அளந்ததும் சற்று வேறுபடலாம்.

பாட்டியின் பழமொழிக்கு உள்ள எல்லையையும் இதே ஸ்கேன்தான் காட்டுகிறது. பிறந்து ஏறத்தாழ 3 முதல் 6 வாரம் ஆன சில குழந்தைகளுக்கு, குறிப்பாக ஆண் குழந்தைகளுக்கு, இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்து வழியை அடைத்துக்கொள்ளும். பால் இறங்காது, ஒவ்வொரு முறையும் குடித்த பால் வேகமாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். ஸ்கேனில் அந்தத் தசையின் தடிப்பு 3 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும். தடித்த தசையைக் கீறி வழி திறக்கும் அறுவைச் சிகிச்சையை ஜெர்மனியின் கான்ராட் ராம்ஸ்டெட் 1912இல் வெளியிட்டார். இன்றும் அதுவே தீர்வு. சிறிது கக்குவது வேறு, பீய்ச்சி அடிப்பது வேறு. பின்னதைக் கண்டால் பழமொழி சொல்லித் தேற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

எண்கள் சொல்வது என்ன?

பாதி இறங்கும் நேரம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் மிச்சத்தில் பாதி இறங்குவதாகத் தோராயமாகக் கொள்வோம். 100 மில்லிலிட்டர் தாய்ப்பால், பாதி நேரம் 48 நிமிடம். 48ஆவது நிமிடத்தில் 50, 96இல் 25, 144இல் 12.5, 192இல் ஏறத்தாழ 6 மில்லிலிட்டர் மிஞ்சும். 192 நிமிடம் என்பது 3 மணி 12 நிமிடம். இதே அளவு பால்மாவு, பாதி நேரம் 78 நிமிடம் என்றால் 6 மில்லிலிட்டராகக் குறைய 312 நிமிடம், அதாவது 5 மணி 12 நிமிடம் ஆகும்.

அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டியைப் பாருங்கள்: தெளிந்த பானங்களுக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், பால்மாவுக்கு 6 மணி நேரம். நாம் போட்ட கணக்கைவிடச் சற்றுக் கூடுதலான பாதுகாப்புடன் அந்த எண்கள் நிற்கின்றன.

ஏன் அந்தக் கூடுதல்? சராசரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வேறுபாடுதான் காரணம். 1999 பெல்ஜிய ஆய்வில் தாய்ப்பாலுக்குச் சராசரியை ஒட்டிய அளவு 47 நிமிடம் என்றாலும், தனித்தனிக் குழந்தைகளின் அளவு 16 நிமிடம் முதல் 86 நிமிடம் வரை பரவியிருந்தது. பால்மாவில் 27 முதல் 98 வரை. அதாவது, வேகமாகச் செரிக்கும் ஒரு பால்மாவுக் குழந்தை, மெதுவாகச் செரிக்கும் ஒரு தாய்ப்பால் குழந்தையை முந்திவிடும். 16 நிமிடக் குழந்தைக்கு 4 மணி நேரத்தில் இரைப்பை முற்றிலும் காலி. 86 நிமிடக் குழந்தைக்கோ 100 மில்லிலிட்டரில் 14 மில்லிலிட்டர் இன்னும் மிச்சம். எந்தக் குழந்தை எந்த வகை என்று முன்கூட்டியே தெரியாததால், மெதுவான குழந்தையையும் மனத்தில் வைத்தே விதி எழுத வேண்டியிருக்கிறது.

வயது எவ்வளவு முக்கியம்? 49 ஆய்வுகளையும் 1,457 பேரின் அளவுகளையும் ஒன்றுதிரட்டி 2015இல் வந்த பகுப்பாய்வு வியப்பான ஒன்றைச் சொன்னது. குறைமாதக் குழந்தையிலிருந்து பெரியவர் வரை, இரைப்பை காலியாகும் நேரத்தை முடிவு செய்வது வயதைவிட உணவின் வகையே. 'சின்னப் பிள்ளை, மெதுவாகத்தான் செரிக்கும்' என்னும் பொதுக் கருத்து இங்கே நிற்கவில்லை.

விதி மாறுகிறது

அளவுகள் கூடக் கூட விதிகளும் நகர்ந்திருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர ஆய்வாளர்கள் காந்த அதிர்வுப் படக் கருவியால் குழந்தைகளின் இரைப்பையைப் பார்த்தபோது, சிரப் கலந்த தண்ணீரில் பாதி அரை மணி நேரத்திற்குள் இறங்கிவிட்டது தெரிந்தது. 2018இல் பிரிட்டன், பிரான்ஸ், ஐரோப்பியக் குழந்தை மயக்கவியல் சங்கங்கள் கூட்டாக, தெளிந்த பானங்களுக்கு 1 மணி நேர இடைவெளி போதும் என்று அறிவித்தன. 2022இல் ஐரோப்பிய மயக்கவியல் மற்றும் தீவிர சிகிச்சைச் சங்கம் குழந்தைகளுக்கான புதிய வழிகாட்டியில் இன்னும் ஓரடி முன்னே சென்றது: தெளிந்த பானம் 1 மணி, தாய்ப்பால் 3 மணி, பால்மாவு 4 மணி. அமெரிக்க வழிகாட்டியின் 2017ஆம் ஆண்டுப் பதிப்போ பழைய 2, 4, 6 என்ற கணக்கையே தொடர்ந்தது. ஒரே அளவுகளைப் பார்த்து இரு சங்கங்கள் இரு முடிவுக்கு வருவது வியப்பல்ல. எஞ்சியிருக்கும் சிறு ஆபத்தில் எவ்வளவை ஏற்றுக்கொள்வது என்பது அளவுகோல் சொல்லும் விடையன்று. மனிதர்கள் எடுக்கும் முடிவு. ஆகவே, நாம் பின்பற்ற வேண்டியது சிகிச்சை செய்யும் மருத்துவமனை சொல்லும் நேரத்தையே.

சொல்லப்படும் நேரம் சரியாகப் புரிய வேண்டுமே என்பதுதான் என் கவலை. பயிற்சிக்காக ஒரு மருத்துவமனையில் இருந்தபோது ஒரு தமிழ்த் தாயைச் சந்தித்தேன். மறுநாள் காலை குழந்தைக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை. கையில் மலாய்மொழியில் அச்சிட்ட தாள். "தம்பி, சூசுன்னு போட்டிருக்கே, அது மாவுப் பாலா, எம் பாலா? ரெண்டுக்கும் ஆறு மணி நேரமா?" என்று கேட்டார். தாளில் இரண்டும் தனித்தனியே குறிக்கப்பட்டிருந்தன. ஆனால், அவர் கண்ணில் பட்டது பெரிய எழுத்தில் இருந்த ஆறு மட்டும்தான். "தாதியைக் கூப்பிடுறேன்க்கா, அவங்களே சொல்லட்டும்" என்றேன். தாதி வந்து தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரம் போதும் என்று விளக்கியதும் அந்த அக்காவின் முகம் தெளிந்தது. அதிகாலையில் எழுப்பி ஒரு முறை பால் கொடுத்துவிடலாம். இரண்டு மணி நேரப் பசி அந்தக் குழந்தைக்கு மிச்சமானது.

அந்த இரண்டு மணி நேரத்திற்குப் பின்னால் சாயமும் டெக்னீசியமும் கனமான கார்பனும் ஒலியலையும் இருக்கின்றன. எத்தனையோ குழந்தைகளின் அருகில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த ஆய்வாளர்களின் பொறுமையும் இருக்கிறது. அவர்கள் கண்டறிந்தது ஒரு தாய்க்கு எட்டாமல் போனால் அந்த உழைப்பு வீண்தான்.

வாசகர்களே, நம்மில் பலர் மருத்துவம், மருந்தியல், தாதியியல், உயிர்மருத்துவ அறிவியல் எனப் பல துறைகளில் படிக்கிறோம். பலர் ஏற்கெனவே பணியில் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை என்றால் மூன்று கேள்விகளை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். தாய்ப்பாலைக் கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுக்கலாம்? பால்மாவு என்றால் எத்தனை மணிக்கு? சிகிச்சை நேரம் தள்ளிப்போனால் இடையில் ஏதாவது கொடுக்கலாமா? விடையை மணிக்கணக்காக அல்லாமல் கடிகார நேரமாகவே எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். 'ஆறு மணி நேரம்' என்பதைவிட 'அதிகாலை 4 மணி' என்பது தூக்கக் கலக்கத்தில் இருக்கும் தாய்க்கு எளிதில் விளங்கும்.

– உயிர்மருத்துவ அறிவியல், மூன்றாம் ஆண்டு